பாகற்காய் முதலையின் மூஞ்சி

சங்கரேஸ்வரிக்கு அதுவரை மூன்று வரன்கள் தட்டிப்போயிருந்தன. ஒன்று ஜாதகத்தால். அதற்கு அவள் பொறுப்பில்லை. மற்ற இரண்டும் உயிரியலால். அதற்கு அவளைத் தவிர வேறு யாரும் பொறுப்பில்லை.

முதலில் வந்த மாப்பிள்ளையின் அப்பா, கேசரியை வாயில் போட்டுக்கொண்டே, பறவைகளிலேயே வௌவால்தான் விசித்திரமான பறவை என்று ஏதோ பேச்சுக்குச் சொன்னார். காபித் தட்டோடு வந்த சங்கரி வாசற்படியிலேயே நின்று, வௌவால் பறவையில்லை, பாலூட்டி என்றாள். சொன்னதோடு விட்டாளா? குட்டிக்கு எப்படிப் பால் கொடுக்கும் என்பது வரை விளக்கினாள். கேசரி பாதியில் நின்றுபோனது. அடுத்து வந்தவன் பெங்களூரில் வேலை பார்க்கிற பையன். ஒட்டகம் திமிலில் தண்ணீரைச் சேர்த்து வைப்பதுபோல நானும் சிக்கனமாக இருப்பேன் என்று பெருமையடித்தான். திமிலில் இருப்பது தண்ணீர் இல்லை, கொழுப்பு என்றாள் சங்கரி. அந்த வார்த்தையை அவன் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

தென்காசியில் நீட் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு மையத்தில் அவள் உயிரியல் ஆசிரியை. ‘வேறுபடுத்துக’ என்று ஒரு கேள்வி வந்தால், நடுவில் கோடு கிழித்து இரண்டு பக்கமும் பிரித்து எழுதவைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. தமனி ஒரு பக்கம், சிரை ஒரு பக்கம். தவளை ஒரு பக்கம், தேரை ஒரு பக்கம். எவராவது எதையாவது கோட்டுக்குத் தப்பான பக்கத்தில் வைத்துவிட்டால் அவள் வாய் தானாகத் திறந்துகொள்ளும். அதைத் திமிர் என்று சொல்கிறவர்கள் இருந்தார்கள். திமிரெல்லாம் இல்லை, பாவம். காலில் முள் தைத்தால் குனிந்து பிடுங்கிப் போடுவதில்லையா, அவளுக்கு அது அப்படித்தான்.

நான்காவதாக வந்த வரன் முத்துச்செல்வம். இலத்தூர்க்காரன். தோட்டக்கலை படித்துவிட்டு, கல்யாண மண்டபங்களுக்குக் காய்கறியிலும் பழத்திலும் சிற்பம் செதுக்கிக் கொடுப்பதைச் சொந்தத் தொழிலாகச் செய்துவந்தான். தரகர் போட்டோவை நீட்டியபோது சங்கரியின் அம்மா வடிவம்மாளுக்கு அவன் புதுமுகம். சங்கரிக்கு இல்லை. போன தையில் இலஞ்சியில் நடந்த ஒரு கல்யாணத்தில் அவனைப் பார்த்திருக்கிறாள். முக்காலியில் உட்கார்ந்து, நாக்கைக் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டு, தர்ப்பூசணிப் பழத்தில் மயில் செதுக்கிக்கொண்டிருந்தான். மயிலின் கொண்டையில் சிவப்பும் வெள்ளையும் சரியாகப் பிரிய வேண்டுமென்று அவன் பட்ட பாட்டைப் பார்த்துக்கொண்டே நின்றதில் அவள் ஒரு பந்தியைக் கோட்டைவிட்டாள். அன்றைக்கே மனசுக்குள் ஏதோ ஆகிவிட்டது.  வீட்டில் அதைச் சொல்லவில்லை. "பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று மட்டும் சொன்னாள். அவள் குரலிலேயே வடிவம்மாளுக்குப் பாதி புரிந்துவிட்டது.

நம் பக்கத்தில் இப்போதெல்லாம் பல பேர் முதல் தடவை பெண்ணை வீட்டில் வைத்துப் பார்ப்பதில்லை; இரண்டு தடவை பட்ட பிறகு சங்கரி வீட்டிலும் அப்படித்தான். சரிப்பட்டு வராமல் போனால் தெருவுக்கே தெரிந்துவிடும். அதனால் கோயிலிலோ கடையிலோ இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்திப்பதுபோல ஒரு நாடகம். இலஞ்சிக் குமாரர் கோயிலில் எந்த வெள்ளிக்கிழமை போனாலும் இப்படி இரண்டு மூன்று தற்செயல்களைப் பார்க்கலாம். ஆனால் குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்தது. ஐந்தருவிப் பக்கம் ஒரு பூங்காவில் மலர்க் கண்காட்சி. அதில் காய்கறிச் சிற்பங்கள் செய்யும் வேலை முத்துச்செல்வத்துக்கு. மறுநாள் காலையில் திறப்பு. அவனால் நகர முடியாது. ஆடி பிறக்கவோ இரண்டே நாள்தான். ஆடியில் பெண் பார்க்க யார் சம்மதிப்பார்கள்? அதனால் தற்செயலைக் கண்காட்சிக்கே மாற்றிவிட்டார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் புறப்படும்போது வடிவம்மாள் மகளின் தலையில் பூவை வைத்துக்கொண்டே கண்டித்துச் சொன்னாள். "ஏட்டி, இந்தா பாரு. அவிய காக்கா வெள்ளைன்னு சொன்னாலும் ஆமான்னு சொல்லிட்டு வா."

"எம்மா, வெள்ளைக் காக்கா நெசமாவே உண்டும்மா. நிறமி இல்லாம..."

வடிவம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "இந்தப் பையன் உனக்கு வேணுமா வேண்டாமா?"

சங்கரி தரையைப் பார்த்தாள். "வேணும்."

"அப்ப முருகன் மேல சத்தியம் பண்ணு. வாயத் தொறக்க மாட்டேன்னு."

பண்ணினாள். மனசறிந்துதான் பண்ணினாள்.

பூங்காவில் சாரல் பொசுபொசுவென்று விழுந்துகொண்டிருந்தது. வேலையாட்கள் பூத்தொட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். முத்துச்செல்வத்தின் அம்மா ஆனந்தவள்ளி, மகன் பக்கத்தில் குடையோடு நின்றாள். சங்கரியின் அப்பா இசக்கியப்பன் போலீஸில் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசெல்லாம் அடுத்தவன் பொய்யைப் பிடித்தவருக்குச் சொந்தமாக ஒரு பொய் சொல்ல வரவில்லை.

"அடடே! நீங்களா! என்ன இந்தப் பக்கம்?" என்று பூங்காவே திரும்பிப் பார்க்கும்படி கேட்டார்.

"சும்மா பூவப் பாக்க வந்தேன் அண்ணாச்சி" என்றாள் ஆனந்தவள்ளி.

"எப்ப வந்தீய? எதுல வந்தீய? கூட யாரு வந்தா?"

வடிவம்மாள் அவர் முழங்கையில் இடித்தாள். விசாரணை அத்தோடு நின்றது.

முத்துச்செல்வம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எல்லோரையும் கும்பிட்டான். சங்கரியை ஒரு தடவை பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் அவன் காது சிவந்தது. நல்ல அறிகுறிதான். ஆனால் அவன் அதிகம் பேசவில்லை. யார் எதைச் சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டினான். மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த ஆர்க்கிட் பூக்களைக் காட்டி இசக்கியப்பன், "இதெல்லாம் ஒட்டுண்ணி மாப்ள. மரத்துச் சாற உறிஞ்சிக் குடிச்சே வளருது" என்றார். முத்துச்செல்வத்தின் தொண்டையில் என்னவோ ஏறி இறங்கியது. பிறகு தலையை ஆட்டினான். சங்கரியும் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். முருகன் கைவிடவில்லை என்று வடிவம்மாள் நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அந்த முதலை கண்ணில் பட்டது.

குளத்தங்கரையில் ஒரு ஆள் நீளத்துக்குப் படுத்துக் கிடந்தது. கம்பிக்கூட்டின் மேல் முழுக்க முழுக்கப் பாகற்காய். முதுகில் பெரிய காய்களை வரிசையாகப் பதித்திருந்தான், மேடும் பள்ளமுமாக அசல் முதலைத்தோல். நகத்துக்கு வெண்டைக்காய் நுனி. கண்ணுக்கு நாவல்பழம். வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தது. மூடிய வாயின் ஓரத்தில் தேங்காய்ச் சில்லில் செய்த பற்கள். பக்கத்தில் ‘முதலை’ என்று ஒரு பலகை.

"எப்படி இருக்கு?" முத்துச்செல்வம் கேட்டான். அன்றைக்கு அவன் தானாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான். கேட்டது சங்கரியிடம்.

அவள் முதலையின் மூஞ்சியைப் பார்த்தாள். அகலமாக, மழுங்கலாக, இங்கிலீஷ் எழுத்து யூ மாதிரி இருந்தது. அவள் மனசுக்குள் ஒரு கோடு விழுந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் முதலை. அந்தப் பக்கம் அலிகேட்டர். இந்த மூஞ்சி இருக்க வேண்டியது அந்தப் பக்கம்.

"நல்லாருக்கு" என்றாள். 

"நல்லாருக்குன்னு எல்லாரும்தான் சொல்லுதாவ. நீங்க பயாலஜி டீச்சர். தப்பு இருந்தா சொல்லுங்க."

இதற்கு மேல் ஒரு மனுஷியைச் சோதிக்கக் கூடாது. வடிவம்மாள் பின்னாலிருந்து இடுப்பில் கிள்ளினாள். சங்கரி முருகனை நினைத்தாள். முருகன் அந்த நேரம் வேறு எங்கோ போயிருந்தார்.

"இது முதலை இல்லீங்க. அலிகேட்டர்" என்று ஆரம்பித்தாள். "முதலை மூஞ்சி நீளமா, நுனி கூரா, வி எழுத்து மாதிரி இருக்கும். அலிகேட்டருக்குத்தான் இப்படி அகலமா யூ மாதிரி இருக்கும். முதலை நிறம் கொஞ்சம் வெளுத்திருக்கும், அலிகேட்டர் கருத்திருக்கும். முதலை உப்புத் தண்ணியையும் தாங்கும், அலிகேட்டர் நல்ல தண்ணியிலதான் கிடக்கும். அலிகேட்டர் அமெரிக்காவுலயும் சைனாவுலயும்தான் இருக்கு. நம்ம நாட்டு ஆத்துல ஒண்ணு கூடக் கிடையாது. நீங்க அமெரிக்காக்காரனப் படுக்க வச்சு முதலைன்னு போர்டு போட்டிருக்கீய."

 ஆனந்தவள்ளி குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். முத்துச்செல்வம் அவளையே உற்றுப் பார்த்தான். திரும்பி அவன் அம்மாவைப் பார்த்தான். வாய் ஒரு தடவை திறந்து மூடியது.

"சரி. மூஞ்சிய மாத்திருதேன்" என்றான். அப்போதே கத்தியைக் கையில் எடுத்தும்விட்டான்.

வீடு வந்து சேரும் வரை வடிவம்மாள் புலம்பினாள். சத்தியத்தைக் காற்றில் விட்டவள், ஊமையாகப் பிறந்திருக்கக் கூடாதா, அமெரிக்காக்காரனாம், அமெரிக்காக்காரன் உன்னை என்ன செய்தான். சங்கரிக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பயத்துக்கு அடியில் ஒரு சந்தோஷம் குமிழ் விட்டுக்கொண்டே இருந்தது. சொன்னதும் முறைக்காமல், எழுந்து போகாமல், சரி என்று கத்தியை எடுத்த ஆண்பிள்ளையை அவள் அதுவரை பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்கு வகுப்பு இருந்தது. உற்சாகத்தில் பாடத்தையே மாற்றிவிட்டாள். முதலையும் அலிகேட்டரும், வேறுபடுத்துக. கரும்பலகையில் கோடு கிழித்தாள். வி ஒரு பக்கம், யூ ஒரு பக்கம். எழுதி முடித்ததும், நம் ஊர் முதலையையே காட்டுவோம் என்று, நம் ஆறுகளிலும் அணைகளிலும் கிடக்கும் மகர் முதலையின் படமொன்றைப் போனில் தேடி எடுத்து, பெரிய திரையில் போட்டாள்.

"இது எது?"

வகுப்பே ஒரே குரலில் கத்தியது. "அலிகேட்டர் மேம்! யூ மேம்!"

"ஏ, சரியாப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே திரும்பியவள் அப்படியே நின்றாள். திரையில் இருந்த மூஞ்சி அகலமாக, மழுங்கலாக, அச்சு அசல் யூ. படத்துக்குக் கீழே இருந்ததை வாசித்தாள். முதலை இனத்திலேயே அகலமான மூஞ்சி மகருக்குத்தான் என்றும், பார்வைக்கு அலிகேட்டர் போலவே இருக்கும் என்றும் போட்டிருந்தது. பிரித்தறிய ஒரே வழி பல். வாயை மூடியிருக்கும்போது கீழ்த்தாடையின் நாலாவது பல் வெளியே தெரிந்தால் முதலை. மேல்தாடை அதை மூடி மறைத்துவிட்டால் அலிகேட்டர்.

சங்கரிக்கு அந்தத் தேங்காய்ச் சில்லுகள் ஞாபகம் வந்தன. மூடிய வாயின் இரண்டு பக்கமும், கீழிருந்து மேலாக, ஒவ்வொரு பல் தனியாகத் தெரிந்தது. கைதவறி வெளியே வந்துவிட்டது என்று நினைத்திருந்தாள். கை தவறவில்லை. அவன் வேண்டுமென்றே, பார்த்துப் பார்த்து வைத்திருந்தான். அவன் செய்தது மகர். பூங்காவில் தப்பாக இருந்தது அவள் ஒருத்திதான்.

அதே நேரத்தில் போன் அடித்தது. வெளியே வந்து எடுத்தாள். வடிவம்மாளின் குரல் சந்தோஷத்தில் கிறீச்சிட்டது.

"ஏட்டி சங்கரி! சம்மதமாம்! பையனோட அம்மா இப்பத்தான் பேசினாவ. இவ்வளவு அறிவான பொண்ணு எங்க கிடைக்கும்னு அவியளே சொல்லிட்டாவ. பையன் விடிய விடிய ஒக்காந்து நீ சொன்ன மாதிரியே மூஞ்சிய மாத்திட்டானாம். பத்து மணிக்குத் திறப்பாம், நம்மளயும் வரச் சொல்லுதாவ."

"எம்மா" என்றாள் சங்கரி. "நான் சொன்னது தப்பும்மா."

"எது?"

"முதலை மூஞ்சி. அவர் செஞ்சதுதான் சரி. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

 "அதனால என்ன?"

"போயிச் சொல்லணும்."

"ஏட்டி! நேத்து சும்மா இருன்னு சொன்னேன், நீ இருக்கல. முருகன் புண்ணியத்துல அதுவே நல்லதா முடிஞ்சிருக்கு. உன் அறிவப் பாத்துத்தான் சம்மதம்னு சொல்லுதாவ, இப்ப போயி எனக்கு அறிவில்லன்னு சொல்லப் போறியா? முதலைக்கு மூக்கு எப்படி இருந்தா உனக்கென்ன? இன்னைக்கு ஒரு நாள் சும்மா இரு. கால்ல விழுதேன்."

அம்மா சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவன் வேண்டும். ரொம்பவும் வேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் கிடைப்பான். ஆனால் கல்யாணமாகி, அவன் ஒவ்வொரு மண்டபத்திலும் முதலை செய்யும்போதெல்லாம் கூர்மூஞ்சி வைத்துக்கொண்டே இருப்பான். அவள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதை நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. தப்பு என்று அடுத்தவர்களிடம் ஆயிரம் தடவை சொன்ன வாய்க்கு, என் தப்பு என்று சொல்லிப் பழக்கமே இல்லை. வகுப்புக்குள் திரும்பிப் போனாள். கரும்பலகையில் தான் எழுதிய யூவையும் வியையும் டஸ்டரால் அழித்தாள். "நான் உங்களுக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன். மூஞ்சிய நம்பாதீய, பல்லப் பாருங்க" என்றாள். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். வானம் இடிந்து விழவில்லை. அது கொஞ்சம் தெம்பாக இருந்தது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

இலஞ்சி விலக்கைத் தாண்டியதுமே வண்டிகள் அடைத்து நின்றன. தலை முதல் கால் வரை எண்ணெய் தேய்த்த ஆட்கள், ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சாலையின் நடுவில் அருவிக்கு நடந்துபோனார்கள். வேன்களுக்கு இடையில் புகுந்து, ரம்புட்டான் விற்கிறவரிடம் திட்டு வாங்கிக்கொண்டு, பூங்காவுக்கு வந்து சேர்ந்தபோது சங்கரி தெப்பமாக நனைந்திருந்தாள். காலையில் வடிவம்மாள் வைத்துவிட்ட பூ எங்கேயோ விழுந்துவிட்டது.

குளத்தங்கரையில் ஒரே கூட்டம். கூட்டம் சிரித்துக்கொண்டிருந்தது.

விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். ஐயோ! அந்தக் கனத்த உடம்பின் முன்னால், புடலங்காயில் செய்த ஒல்லி மூஞ்சி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. கீரிப்பிள்ளைக்கு யாரோ முதலைச் சட்டை மாட்டிவிட்டதுபோல் இருந்தது.

"போர்டுல முதலைன்னு போட்டிருக்கான். எனக்கென்னமோ உடும்பு மாதிரி தெரியுது" என்றார் ஒருவர். "பல்லிங்க" என்றாள் அவர் மனைவி. அதைக் கேட்டுக்கொண்டு முத்துச்செல்வம் ஓரமாக நின்றிருந்தான். தூக்கமில்லாத கண். மூஞ்சி விளக்கெண்ணெய் குடித்தவன் மாதிரி இருந்தது. பக்கத்தில் ஆனந்தவள்ளி. இசக்கியப்பனும் வடிவம்மாளும் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார்கள். மகளைப் பார்த்ததும் வடிவம்மாள் கண்ணாலேயே வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சினாள்.

சங்கரி நேராக அவன் முன்னால் போய் நின்றாள்.

"நான் நேத்து சொன்னது தப்பு. நீங்க செஞ்சது மகர் முதலை. அதுக்கு அகலமான மூஞ்சிதான். பல்லு கூடச் சரியா வச்சிருந்தீய. எனக்குத்தான் தெரியல. புஸ்தகத்துல இருந்த ரெண்டு வரிய மனப்பாடம் பண்ணிட்டு வந்து உங்ககிட்டப் பேசிட்டேன். உங்க முதலையக் கெடுத்தது நான்தான்."

 வடிவம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆனந்தவள்ளி மகனைப் பார்த்தாள். மகன் சங்கரியைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தான்.

"எம்மா, இப்பயாவது நான் பேசலாமா?"

ஆனந்தவள்ளி பக்கத்திலிருந்த பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். "பேசு. இனிமே என்ன இருக்கு."

அணை திறந்ததுபோல் கொட்டினான் முத்துச்செல்வம். "மகருக்கு மூஞ்சி அகலம்தான்! அமராவதி முதலைப் பண்ணையில பாதி நாள் வெயில்ல நின்னு போட்டோ எடுத்தேன். அந்தப் பல்லு தெரியணும்னுதான் வாய மூடி வச்சதே! வேற எவனாவது செஞ்சிருந்தா வாயப் பொளந்து வச்சிருப்பான். நேத்து நீங்க யூ, வின்னு சொல்லச் சொல்ல நாக்கக் கடிச்சுக்கிட்டு நின்னேன், பாருங்க, புண்ணே ஆயிட்டு! மாமா, ஆர்க்கிட் ஒட்டுண்ணி கிடையாது. மரத்து மேல சும்மா ஒக்காந்திருக்கும், மரத்துச் சாறு ஒரு சொட்டுக் குடிக்காது!"

இசக்கியப்பன் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

ஆனந்தவள்ளி வடிவம்மாளைப் பார்த்துக் கையை விரித்தாள். "என்னத்தச் சொல்ல மதினி. போன வரனுக்குப் பொண்ணு பாக்கப் போன இடத்துல, பொண்ணு கல்யாணத்துக்குன்னு வீட்டு முத்தத்துல சந்தன மரம் வளத்து வச்சிருந்தாவ. இவன் போயி, இது சந்தனமே இல்லன்னுட்டான். கேட்டு வாங்கிக் குடிச்ச மோர முடிக்கக்கூட விடல, வெளிய அனுப்பிட்டாவ. அதான் இந்தத் தடவை, அந்தப் பொண்ணு என்ன சொன்னாலும் தலைய மட்டும் ஆட்டுலேன்னு சத்தியம் வாங்கி வச்சிருந்தேன்."

"சத்தியமா?" என்றாள் வடிவம்மாள்.

"இலஞ்சி முருகன் மேல."

வடிவம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. தோள் குலுங்கச் சிரித்து, ஆனந்தவள்ளி பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "அந்த முருகன நாங்களும் விட்டு வைக்கல மதினி" என்றாள்.

சங்கரிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்குக் கோபம் வந்திருந்தது.

"சரின்னு தெரிஞ்சே மாத்துனீயளா?"

"மாத்துனேன்."

"ஊரே சிரிக்குது. உங்க வேலைய நீங்களே இப்படிக் கெடுப்பீயளா? எதுக்கு?"

"நீங்க வேணும்னுதான்" என்றான் அவன்.

கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். சங்கரியின் கோபம் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றது.  இதை எந்தக் கோட்டின் எந்தப் பக்கத்தில் எழுதுவது?

"இனிமே அப்படிப் பண்ணாதீய" என்றாள் மெதுவாக. "தப்புன்னா தப்புன்னு சொல்லணும். எங்கிட்டயும்."

"சொல்லுவேன்."

"சத்தியம் எல்லாம் வேண்டாம்."

"வேண்டாம்" என்றான். அவன் சிரித்ததை அவள் முதல் தடவையாகப் பார்த்தாள்.

பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் புடலங்காய் மூஞ்சியைப் பிடுங்கிப் போட்டார்கள். மீதமிருந்த பாகற்காய்க் கூடையை இழுத்துக்கொண்டு வந்தான். பழைய மூஞ்சியின் கம்பிக்கூட்டைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தான். அவன் காயை நறுக்கிக் கொடுக்கக் கொடுக்க, அவள் பல்குத்தும் குச்சியால் ஒவ்வொன்றாகக் குத்திப் பொருத்தினாள். கூட்டம் கலையவில்லை. மயில், யானைச் சிற்பங்களை விட்டுவிட்டு எல்லோரும் இங்கே வந்து நின்றார்கள். உடும்பு என்று சொன்ன ஆளே, "அந்தப் பக்கம் ஒரு காய் தூக்கிட்டு நிக்குது பாருங்க தங்கச்சி" என்று யோசனை சொன்னார். சாரல் விட்டு வெயில் அடித்தது. மலையிலிருந்து அருவிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மூஞ்சி அகன்று, மழுங்கி, மகராகிவிட்டது. கடைசியாகப் பல். சங்கரி தேங்காய்ச் சில்லை எடுத்துக் கீழ்த்தாடையில் ஒரு இடத்தில் அழுத்தினாள்.

முத்துச்செல்வம் பார்த்தான். பழக்க தோஷத்தில் பெஞ்சில் இருந்த அம்மாவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு சொன்னான்.

"தப்பு."

"என்ன தப்பு?"

"அது மூணாவது பல்லு இடம். நாலாவது இங்கன வரும். எண்ணிப் பாருங்க."

சங்கரி குனிந்து, விரலை வைத்து, நுனியிலிருந்து எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. அவன் சொன்னதுதான் சரி. அவளுக்குள் ஏதோ ஒன்று அப்படியே இளகியது. இத்தனை வருஷமாக எல்லோரிடமும் தப்பு தப்பு என்று சொல்லிக்கொண்டு தனியாகவே நின்றிருந்தாள். சரியாக இருப்பதில் அவ்வளவு தனிமை இருந்ததென்று இப்போதுதான் தெரிந்தது. தன்னிடம் தப்பு என்று சொல்ல ஒரு ஆள் கிடைத்துவிட்டான். அதுவும் அவளுக்குப் பிடித்தவனே. சில்லைப் பிடுங்கி அவன் காட்டிய இடத்தில் வைத்தாள். முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

பெஞ்சில் இரண்டு அம்மாக்களும் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஆடி கழியட்டும் மதினி" என்றாள் ஆனந்தவள்ளி. "அவசரமில்ல. ஐப்பசியில நல்ல முகூர்த்தமாப் பாத்து வச்சுக்கிடலாம்."

"தப்பு" என்று முதலைக்கு அந்தப் பக்கமிருந்தும் இந்தப் பக்கமிருந்தும் இரண்டு குரல்கள் ஒன்றாக வந்தன.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஆவணியில. முதல் முகூர்த்தம்" என்றான் முத்துச்செல்வம்.

சங்கரி அதைத் திருத்தவில்லை.